கடைசியாக யார் கை வைத்தது?

ஆம்னி வேனில் இன்ஜின் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரை மாதத்து மதியத்தில் மாட்டுத்தாவணியில் கிளம்பித் திருமங்கலம் போய்ச் சேருவதற்குள் ஓட்டுபவரின் தொடை சொல்லிவிடும். முன்சீட்டுக்கு அடியில், ஒரு மூடிக்குக் கீழே, 796 சிசியில் மூன்று சிலிண்டர்கள். 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. தமிழ் சினிமாவில் ஆளைக் கடத்த இதைவிட்டால் வேறு வண்டி கிடையாது. தள்ளித் திறக்கும் கதவு செய்த பாவம் அது. மதுரையில் அது பார்த்த வேலைகள் வேறு. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அள்ளிப்போட்டுக்கொண்டு போனது, கல்யாண வீட்டு அண்டாக்களைச் சுமந்தது, ஆம்புலன்ஸ் ஆனது, பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பூ மூட்டை ஏற்றியது. இன்னும் மேலூர் ரோட்டிலும் சோழவந்தான் ரோட்டிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடாமல் வழியில் நிற்பவையும் உண்டு. நான் சொல்ல வந்தது அப்படி நிற்பவற்றைப் பற்றி.

வண்டி பழசாகிவிட்டால் அதன் எல்லாக் கோளாறுக்கும் ஒரே காரணம் தயாராக இருக்கும்: வயதாகிவிட்டது. மைலேஜ் குறைந்தால் வயது. ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றால் வயது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் அதற்கும் வயது. இந்தப் பதிலில் எல்லோருக்கும் ஒரு வசதி இருக்கிறது. வண்டிக்காரர் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம், மெக்கானிக் கையைத் துடைத்துக்கொள்ளலாம், புரோக்கர் விலையைக் குறைத்துக்கொள்ளலாம். இதற்குமேல் யாரும் எதையும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை.

தேய்மானம் என்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிஸ்டன் ரிங் தேயும், வால்வு சீட் எரியும், ரப்பர் இறுகி வெடிக்கும். ஆனால் தேய்மானம் ஒளிந்துகொள்கிற ஜாதி இல்லை. ரிங் தேய்ந்தால் சைலன்சரில் நீலப் புகை வரும்; பிளக்கைக் கழற்றிவிட்டுக் கம்ப்ரஷன் கேஜை வைத்தால் எண்ணிலேயே தெரிந்துவிடும். ஹெட் கேஸ்கட் போனால் வெள்ளைப் புகை, ஆயிலில் பால் கலந்த மாதிரி ஒரு நிறம். வயது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படி அளந்து பார்த்துச் சொன்னது இல்லை. பார்க்க அலுத்துப்போய்ச் சொன்னது.

நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டி உசிலம்பட்டி போகும் ரோட்டில் ஒரு மெக்கானிக் ஷெட் உண்டு. மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் வேப்பமரம். அங்கே இருக்கிற பெரியவர், வண்டி வந்து நின்றதும் சாவியை வாங்க மாட்டார், ஸ்டார்ட் பண்ணச் சொல்ல மாட்டார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கடைசியா யாரு கை வச்சா?"

வந்தவர் "ஹீட் ஆகுதுண்ணே" என்று ஆரம்பிப்பார்.

"அதைக் கேக்கல தம்பி. இதுக்கு முன்னாடி யாருகிட்ட விட்ட? என்ன பண்ணாய்ங்க?"

கேட்பவர்களுக்கு இது தொழில் பொறாமையாகத்தான் படும். முந்தைய ஆளின் வேலையைக் குறை சொல்லாத கொத்தனாரும் தையல்காரரும் எந்த ஊரில் இருக்கிறார்கள்? ஆனால் பெரியவர் குறை சொல்வதில்லை. பதிலைக் கேட்டுவிட்டு, ஒரு கிழிந்த பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொள்வார். அதற்கு முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருப்பார். சிலருக்கு எரிச்சல் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு.

பூ வியாபாரி ஒருவர் தன் ஆம்னியை அங்கே கொண்டுவந்து விட்டபோது நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தொண்ணூறுகளில் வந்த கார்புரேட்டர் வண்டி. உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் மல்லிகையை மொட்டாகப் பறித்து, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்னவோ உண்மை. குறியீடு இருந்து என்ன, வழியில் வண்டி நின்று மொட்டு வாய் திறந்துவிட்டால் அன்றைய விலை போயிற்று. அவர் அடுக்கிய புகார்கள் ஏராளம். விடியற்காலையில் ஸ்டார்ட் ஆவதற்குள் பேட்டரி இறங்கிவிடுகிறது. மைலேஜ் பாதியாகிவிட்டது. ஹெட்லைட் மங்கல். ஏற்றத்தில் இன்ஜின் தட்டுகிறது. வீரபாண்டித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போனபோது ஆண்டிபட்டிக் கணவாயில் கொதித்து, ஆவி கக்கி, நின்றேவிட்டது.

"வயசாயிருச்சுண்ணே. இறக்கிப் போரிங் பண்ணிருவோமா, இல்ல எடைக்குப் போட்டுருவோமா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. நோட்டை எடுத்தார்.

அரை மணி நேரக் கேள்வியில் வெளியே வந்தது இது. சில வருஷங்களுக்கு முன்பு வண்டி லேசாகச் சூடேற ஆரம்பித்திருக்கிறது. ரேடியேட்டரில் அடிக்கடி தண்ணீர் குறைந்திருக்கிறது. குறையக் குறையத் தோட்டத்துப் போர் தண்ணீரையே பிடித்து ஊற்றியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் உப்புத் தண்ணீர். வீட்டில் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிந்திருக்கிறது. சூடு கூடியது. ஒரு மெக்கானிக், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டார். நம் ஊர்ப் பக்கம் இது சகஜம். "இந்த வெயிலுக்கு அது எதுக்கு? குளிர் நாட்டுக்காரன் வச்சது. எடுத்துட்டா தண்ணி எந்நேரமும் சுத்திக்கிட்டே இருக்கும்" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

தெர்மோஸ்டாட்டின் வேலை குளிரவைப்பது இல்லை. இன்ஜின் தனக்குரிய சூட்டுக்குச் சீக்கிரம் வரட்டும் என்று, தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் தடுத்து வைத்திருப்பது. உள்ளே இருக்கிற மெழுகு சுமார் 82 டிகிரியில் உருகி விரியும்போது வால்வு திறக்கும். அதை எடுத்துவிட்டால், மார்கழி விடியலில் கிளம்புகிற வண்டி வெகுநேரம் குளிர்ந்தே ஓடும். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. விக்கும், திணறும். ஆகவே பூ வியாபாரி செக்கானூரணி வரை சோக்கை இழுத்தே வைத்து ஓட்டப் பழகினார். சோக்கில் ஓடியதால் பிளக்கில் கரி பிடித்தது, மிஸ்ஸிங் வந்தது. இரண்டாவது மெக்கானிக் பிளக் மாற்றினார், பிறகு காயில் மாற்றினார். பெட்ரோல் குடிக்கிறது என்று புகார் சொன்னதற்கு மூன்றாவது ஆள் கார்புரேட்டரில் சின்ன ஜெட்டைப் போட்டுக்கொடுத்தார். மைலேஜ் கொஞ்சம் ஏறியது. ஆனால் சுமையோடு ஏற்றம் ஏறும்போது தேவையான பெட்ரோல் கிடைக்காமல் இன்ஜின் வறண்டு எரிந்தது, தட்டியது, சூடு மறுபடி கூடியது. நாலாவது ஆள், ரேடியேட்டர் ஃபேனை "டைரக்ட்" பண்ணிவிட்டார். சூடு ஏறினால் மட்டும் ஃபேனை ஓடவிடும் சுவிட்சை விலக்கிவிட்டு, சாவியைத் திருப்பியதும் ஓடுகிற மாதிரி ஒரு வயரை இழுத்துவிட்டார். இருட்டில் ஹெட்லைட்டும் எரிய, ஃபேனும் ஓயாமல் ஓட, பேட்டரி நிரம்ப வழியில்லாமல் போயிற்று. ஐந்தாவதாகப் புது பேட்டரி.

சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து பெரியவர் டார்ச் அடித்தபோது, கேட்டதெல்லாம் கண்ணுக்கும் தெரிந்தது. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய கூட்டின் விளிம்பில் வழிந்து காய்ந்த சாம்பல் நிற அனபாண்ட் பேஸ்ட். முன்பக்கம் ஃபேனுக்குப் போகும் வயரோடு முறுக்கிச் சேர்த்த ஒரு மஞ்சள் வயர், அதன்மேல் சூட்டில் இளகி வழுக்கும் இன்சுலேஷன் டேப். சுவிட்சிலிருந்து வந்த பழைய இணைப்பு எதனோடும் சேராமல் அந்தரத்தில் தொங்கியது. பெரியவர் ஒவ்வொன்றையும் ஸ்பானரின் நுனியால் தொட்டுக் காட்டினார். எதையும் திட்டவில்லை.

யாரைத் திட்டுவது? அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்த தொல்லைக்குச் சரியான பதிலைத்தான் கொடுத்திருக்கிறார்கள். கரி பிடித்த பிளக்கை மாற்றாமல் என்ன செய்வது? மங்கலான லைட்டுக்குப் பேட்டரியைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? பதில்கள் எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு பதிலும் வண்டியின் ஒரு வாயை அடைத்துவிட்டது. நான் சூடாகிவிட்டேன் என்று சொல்வதற்கு அதற்கு ஒரு சுவிட்ச் இருந்தது, அதைத் துண்டித்தாயிற்று. இன்னும் குளிர்ந்திருக்கிறேன், பொறு என்று சொல்வதற்கு ஒரு வால்வு இருந்தது, அதை எடுத்தாயிற்று. கடைசியில் வண்டியிடம் மிச்சம் இருந்த ஒரே பாஷை, கணவாயில் ஆவி கக்கி நிற்பதுதான்.

முதல் காரணம் எது என்று தேடிப் போனால் அது ரேடியேட்டர் மூடியில் போய் முடிந்தது. மூடி என்றால் தண்ணீர் வெளியே சிந்தாமல் வைத்திருக்கும் ஒரு தட்டு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது ஒரு அழுத்த வால்வு. சின்னக் கார்களின் மூடியில் பெரும்பாலும் 0.9 என்று பொறித்திருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ வரை அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஏறக்குறைய 118 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். மூடியின் ரப்பர் வளையம் இறுகி வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்து வழியும், குறையும். குறைந்ததற்கு உப்புத் தண்ணீர் ஊற்றப்படும். மற்றதெல்லாம் அதன் வரிசைக் கதை. ஒரு வேளைச் சாப்பாட்டு விலையுள்ள ரப்பர் வளையம்.

மூடியைச் சாதாரணமாக நினைக்க மதுரைக்காரர்களுக்கு உரிமை இல்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1911-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த சுந்தரம் ஃபாஸனர்ஸ், தொண்ணூறுகளிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிய நிறுவனம். மேலவெளி வீதியில் கிளைவிட்ட குடும்பம் டெட்ராய்ட் வரைக்கும் மூடி போட்டது.

அந்தச் சுந்தரம் அய்யங்காரைப் பற்றி மதுரையில் ஒரு கதை சொல்வார்கள். அவருடைய பஸ்கள் ஓடிய காலத்தில் ரோடு முழுக்க மாட்டு வண்டியும் குதிரை வண்டியும். லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணிகள் பஸ் டயரைப் பதம் பார்த்துக்கொண்டே இருந்தன. வேறு யாராக இருந்தாலும் பஞ்சர் ஒட்டக் கூடுதலாக நாலு ஆளை வைத்திருப்பார்கள். அவர், பெரிய காந்தத்தைப் பொருத்திய ஒரு வண்டியை ரோட்டில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தாராம். பஸ் வரும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று சொல்லப்படும் நேரந்தவறாமைக்குப் பின்னால் இப்படிச் சில காரியங்கள் இருந்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, பஸ்களை மரக்கரி வாயுவில் ஓட்டுவதற்கான கருவியையும் அவர்கள் மதுரையிலேயே செய்து விற்றார்கள். கரியில் ஓடும் வண்டிக்கு ஒரு குணம் உண்டு. வடிகட்டியில் சேரும் தூசியையும் சாம்பலையும் ஒழுங்காகத் தட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் அது மறுநாள் நகராது. எதையும் தள்ளிப்போட விடாத வண்டி. பெட்ரோல் வண்டி நம்மை நிறையத் தள்ளிப்போட விடுகிறது. அதுதான் சங்கடமே.

பெரியவர் வேலையை ஆரம்பித்தார். ஐந்து பேர் போட்டதை ஒவ்வொன்றாகக் கழற்றி, கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுபோவதுதான் வேலை. தெர்மோஸ்டாட் வாங்கிப் போட்டார். பழைய அளவு ஜெட்டைத் தேடி வாங்கிவரச் சொன்னார். மஞ்சள் வயரை வெட்டி எறிந்துவிட்டு, ஃபேனை மறுபடி சுவிட்சோடு சேர்த்தார். ரேடியேட்டரை இறக்கிச் சுத்தம் பண்ணக் கொடுத்தார். ஒன்றைச் செய்துவிட்டு, வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தது. கூட இருந்து தொழில் பழகும் பையனுக்குப் பொறுமை இல்லை.

"எல்லாத்தையும் ஒண்ணா மாட்டிட்டா சாயங்காலம் வண்டிய விட்டுறலாம்ல?"

"விட்டுறலாம்டா. எதனால சரியாச்சுன்னு தெரியாம விட்டுறலாம்."

கடைசியாகப் புது மூடியைப் போட்டு, சுத்தமான தண்ணீரும் கூலன்டும் ஊற்றி, ஏர் லாக் இல்லாமல் காற்றை வெளியேற்றி, இன்ஜினை ஓடவிட்டார்கள். சூடு ஏறியது, வால்வு திறந்தது, ஃபேன் தானாக ஓடித் தானாக நின்றது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. பத்து நிமிடத்தில் வண்டிக்கடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வாட்டர் பம்ப்பிலிருந்து.

பூ வியாபாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன வருஷம் ஒரு நாளும் அங்க ஒழுகுனதில்லண்ணே. நீங்க கை வச்சதுக்கப்புறந்தான் ஒழுகுது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் கண்ணால் கண்டது அதுதான். பெரியவர் பம்ப்பின் அடிப்பகுதியில் டார்ச்சை அடித்தார். கசிவு வெளியேறுவதற்கென்றே இருக்கும் சின்னத் துளையின் கீழே, வெள்ளையாக, ஒரு விரல் நீளத்துக்கு உப்புக் கோடு. புதிதாக இன்று வந்த தண்ணீர் உப்புக் கோடு போடாது. பம்ப்பின் சீல் எப்போதோ போய்விட்டது. மூடியில் அழுத்தம் நிற்காததால் அது கசிந்தும் கசியாமலும், சூட்டில் உலர்ந்தபடி, ஒளிந்திருந்தது. மூடி சரியாகி அழுத்தம் வந்ததும் வெளியே தெரிந்துவிட்டது. வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுபோனதால் அது கெடவில்லை. தனக்கு எங்கே கெட்டிருக்கிறது என்று சொல்லும் திராணி அதற்குத் திரும்பி வந்தது.

இந்த இடத்தில்தான் நேர்மையான மெக்கானிக் கெட்ட பெயர் வாங்குகிறார். ஒரு கோளாறை அமுக்கிவைக்கிற வேலை உடனே பலன் காட்டும். கோளாறைப் பேசவிடுகிற வேலை, முதலில் நிலைமையை மோசமாக்கிக் காட்டும். அந்த நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்கள் ஆயுளுக்கும் அவரைத் திட்டுவார்கள். இருந்து பார்த்தவர்களுக்கு மட்டுமே விஷயம் புரியும். பூ வியாபாரி இருந்தார். வேறு வழியில்லாமல்தான், வண்டி ஓடும் நிலையில் இல்லை.

பழுது பார்ப்பதே பழுதுக்குக் காரணமாகிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஒரு உயிரியலாளர். சி. எச். வாடிங்டன். கருவில் உறுப்புகள் எப்படி உருவாகின்றன என்று ஆராய்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவுக்கு ஆலோசனை சொல்லப் போனார். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் போகும் லிபரேட்டர் விமானங்கள் பாதி நேரம் பட்டறையிலேயே கிடந்தன. ஒவ்வொரு 50 மணி நேரப் பறப்புக்கும் ஒரு முழுப் பரிசோதனை என்பது விதி. எதிர்பாராத பழுதுகள் எப்போது வருகின்றன என்று வாடிங்டனின் குழு கோடு போட்டுப் பார்த்தது. பரிசோதனை முடிந்த கையோடு பழுதுகள் உச்சத்தில் இருந்தன. பறக்கப் பறக்கக் குறைந்துகொண்டே வந்தன. அடுத்த பரிசோதனை முடிந்ததும் மறுபடி உச்சம். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை விதியின் பேரில் பிரித்து மாட்டியதே பாதி வியாதி. ரகசியம் என்பதால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்த இந்த ஆராய்ச்சி, 1973-ல்தான் புத்தகமாக வெளிவந்தது.

அதற்கு ஐந்து வருஷம் கழித்து, யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இரண்டு பொறியாளர்கள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஒரு அறிக்கை எழுதினார்கள். விமானப் பாகங்கள் எந்த வயதில் பழுதாகின்றன என்று அவர்கள் ஆராய்ந்ததில், வயது கூடக் கூடப் பழுதாகும் வாய்ப்பும் கூடியது என்று சொல்லத்தக்கவை சுமார் 11 சதவீதம்தான். 68 சதவீதப் பாகங்களுக்கு ஆபத்தான காலம், மாட்டிய புதிதில். வயசாயிருச்சுண்ணே என்று பூ வியாபாரி சொன்னது ஆம்னியைப் பற்றி. விமானமும் வேனும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் உயிரைப் பணயம் வைத்துப் பறக்கிறவர்கள்கூட ஒரு காலம் வரை அதே பதிலில்தான் திருப்தியாக இருந்திருக்கிறார்கள்.

பெரியவரின் முறை ஏன் பரவவில்லை என்பதற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். நாம் காசு கொடுப்பது சாமானுக்கு. பில்லில் பேட்டரி என்று இருந்தால் கொடுப்போம், காயில் என்று இருந்தால் கொடுப்போம். பார்த்ததற்கு என்று இருந்தால் கொடுக்க மாட்டோம். "என்னத்தண்ணே பண்ணீங்க, சும்மா பாத்ததுதானே?" அரை நாள் கேள்வி கேட்டு, ஒரு மூடியைப் போட்டு அனுப்புகிற மெக்கானிக்கின் வீட்டில் அடுப்பு எரியாது. விடிந்தால் மார்க்கெட்டில் இருக்க வேண்டிய பூ வியாபாரிக்கோ பின்னோக்கிப் போவதற்கு நேரமில்லை. இன்று ராத்திரி ஓட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பக்க அவசரமும் சேர்ந்துதான் அந்த மஞ்சள் வயரை முறுக்கியிருக்கிறது. கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகள் வந்து இது மாறிவிட்டதா என்றால், இல்லை. செக் இன்ஜின் விளக்கு எரிந்தால், ஸ்கேனரை மாட்டி அந்த விளக்கை மட்டும் அணைத்துக் கொடுக்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். விளக்கை அணைத்தால் வண்டிக்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்.

நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தது ஒரு வேனுக்காக மட்டும் இல்லை. வீட்டில் எண்பதை ஒட்டிய பெரியவர் இருக்கிற யாருக்கும் அந்த மாத்திரை டப்பா தெரியும். காலை, மதியம், இரவு என்று அறை பிரித்தது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. அது சிலருக்குக் காலில் வீக்கம் கொடுக்கும். வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை. நீர் அதிகம் பிரிந்ததில் உப்புச் சத்து குறைந்து தலைசுற்றல். தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை. அதில் கை நடுக்கமும் மந்தமும். நடுக்கத்துக்கு இன்னொரு டாக்டர். பவுலா ரோஷான், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1997-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தத் தொடர்கதையைத்தான் எழுதினார்கள்: ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து கொடுப்பது. அந்தப் பட்டியலிலும் கெட்ட டாக்டர் என்று ஒருவரும் இல்லை. வீக்கத்தைப் பார்த்தவர் வீக்கத்துக்குக் கொடுத்தார், நடுக்கத்தைப் பார்த்தவர் நடுக்கத்துக்குக் கொடுத்தார். சுற்றி நிற்கும் நாம் மட்டும் "அப்பாவுக்கு வயசாயிருச்சு, முன்ன மாதிரி இல்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முதுமை என்று நாம் கும்பிட்டு ஒதுங்குவதில் எவ்வளவு முதுமை, எவ்வளவு நம் கைங்கரியம் என்று பிரித்துப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும். மனிதனோ வண்டியோ, நீண்ட காலம் இருந்துவிட்ட ஒன்று தன் சொந்தத் தேய்மானத்தைவிட, தன்மேல் விழுந்த உதவிகளைத்தான் அதிகம் சுமக்கிறது. உதவி செய்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் அவசரக்காரர்கள், ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. தேவைப்படுவது இன்னொரு உதவி அல்ல என்று கண்டுபிடிப்பதற்கு ஒருவர் வேண்டியிருக்கிறது. கழற்றிவிட்டு, சும்மா இருந்து, என்ன நடக்கிறது என்று பார்க்கத் துணிந்த ஒருவர். இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது, தெரியாமல் வயரைப் பிடுங்குவதற்குச் சமம். எதை, எந்த வரிசையில், எவ்வளவு மெதுவாகக் கழற்றுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. பெரியவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கியிருந்தால் அவர் அந்த வண்டிக்கு ஆறாவது ஆளாகத்தான் ஆகியிருப்பார்.

அதற்கு முதல் படி, செய்ததை எழுதிவைப்பது. விமானத்துக்கு அது சட்டம். எந்த நட்டை எந்தத் தேதியில் யார் முடுக்கினார் என்பதற்குக் கையெழுத்து உண்டு. பழைய வேனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் பெயர் மாறியது இருக்கும், எஃப்.சி.க்குப் போன தேதி இருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியது இருக்காது. கை மாறிக் கை வந்த வண்டி, தன் வைத்தியக் கதையைத் தொலைத்துவிட்டுத்தான் வருகிறது.

பம்ப் மாற்றி, இன்ஜின் சீராக ஓட ஆரம்பித்த பிறகு பெரியவர் கூலியைச் சொன்னார். பூ வியாபாரி மூடிக்கும் பம்ப்புக்கும் மறுபேச்சு இல்லாமல் பணத்தை எடுத்தார். கூலிக்குப் பேரம் பேசினார். பேரம் படிந்ததும் பெரியவர் வெள்ளைப் பெயின்ட் டப்பாவையும் ஒரு மெல்லிய பிரஷ்ஷையும் எடுத்துவரச் சொன்னார். ஓட்டுபவர் சீட்டைத் தூக்கி, இன்ஜின் மூடியின் உள்பக்கத்தைத் துடைத்துவிட்டு, கோணல் எழுத்தில் எழுத ஆரம்பித்தார். வால்வு போட்டிருக்கு, எடுக்க வேண்டாம். ஃபேன் சுவிட்ச்சில் ஓடுது, டைரக்ட் வேண்டாம். போர் தண்ணீர் ஊத்த வேண்டாம். கீழே தேதி.

பூ வியாபாரி பதறிப்போனார். "என்னண்ணே இது, நாளைக்கு விக்கும்போது வாங்குறவன் பாத்தா என்ன நெனப்பான்?"

"அவன் பாக்கணும்னுதான் தம்பி எழுதுறேன்."